விடை வந்ததும் கோணத்தைப் பூஜ்ஜியமாக்கிப் பாருங்கள்

முதலாண்டு இயற்பியலில் பல நேரம் மதிப்பெண் போவது கருத்து புரியாததால் இல்லை, சைன் வர வேண்டிய இடத்தில் காஸ் எழுதிவிடுவதால்தான். இதைத் தேர்வு அறையிலேயே பிடித்துவிடலாம், அரை நிமிடம் போதும். அதற்கு எண்களை அவசரப்பட்டுப் பிரதியிடாமல் கடைசி வரி வரை எழுத்துகளாகவே வைத்திருக்க வேண்டும்.

உராய்வில்லாத சாய்தளத்தில் ஒரு கட்டை சறுக்குகிறது, முடுக்கம் என்ன? ஜி காஸ் தீட்டா என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், தீட்டா என்பது தளம் கிடைமட்டத்தோடு சாய்ந்திருக்கும் கோணம்). தீட்டாவைப் பூஜ்ஜியமாக்குங்கள். தளம் மேசை மாதிரி கிடையாகிவிடும், காஸ் 0 என்பது 1, அப்படியென்றால் மேசையில் சும்மா வைத்த கட்டை வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் வேகம் கூடித் தானாகவே ஓடும் என்கிறது உங்கள் விடை! ஜி சைன் தீட்டா என்றால் 0 வருகிறது, 90 பாகை வைத்தால் ஜி, அதாவது நேராகக் கீழே விழுகிறது. சரி.

கப்பியில் இரண்டு எடை தொங்கும் கணக்கிலும் இதேதான்: நிறைகளைச் சமமாக்கினால் முடுக்கம் 0 ஆக வேண்டும். ஒன்றை நீக்கினால் மற்றது ஜி முடுக்கத்தோடு விழ வேண்டும் (கப்பியின் நிறையையும் சேர்த்திருந்தால் இது பொருந்தாது).

அப்புறம் அலகு. ஊசலின் அலைவு நேரத்தில் நீளம் மேலேயா ஜி மேலேயா என்று குழம்பினால் வர்க்கமூலத்துக்குள் இருப்பதன் அலகை மட்டும் பாருங்கள், நீளத்தை ஜியால் வகுத்தால்தான் வினாடியின் வர்க்கம் வரும். 2 பை விட்டுப்போனதை அலகு காட்டிக்கொடுக்காது, அதற்கு 1 மீட்டர் ஊசலுக்கு ஏறக்குறைய 2 வினாடி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.