சரளி வரிசையில் காதை விழிக்க வைத்த விதம்
வீட்டில் குழந்தைகளுக்குக் கர்நாடக இசை கற்பித்து வருகிறேன். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்னும் தொடக்க ஸ்வரப் பயிற்சியை மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) தடையின்றிப் பாடும் மாணவர்கள், நான் தனியாகப் பாடிக்காட்டும் ஒரு ஸ்வரம் ரிஷபமா (ரி) காந்தாரமா (க) என்று கேட்டால் விழித்தார்கள். வாய் பழகிவிட்டது, காது கேட்பதை நிறுத்திவிட்டது. அலுப்பைப் போக்க நேரே மலஹரி ராகத்தில் அமைந்த கீதம் என்னும் எளிய பாடலுக்குப் போனால், சாகித்தியம் (பாடல் வரிகள்), ரூபக தாளம், காந்தாரமும் நிஷாதமும் (நி) இல்லாத ஆரோகணம் (ஏறுவரிசை) என எல்லாமே ஒருசேரப் புதிதாக வந்து அவர்களைத் திணறடித்தன.

ஆகவே பாடத்தைப் பழையதாகவே வைத்துக்கொண்டு ராகத்தை மட்டும் மாற்றினேன். அதே வரிசையைச் சங்கராபரணத்தில் பாடும்போது சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் (த) ஒரு படி உயர்ந்து சதுஸ்ருதியாகின்றன, மற்றவை அப்படியே நிற்கின்றன. அங்கிருந்து கல்யாணி ராகத்துக்குச் சென்றால் மத்திமம் (ம) ஒன்றுதான் மாறுகிறது. வரிசை மனப்பாடமாக இருப்பதால் கவனம் முழுவதும் அந்த மாறிய ஸ்வரத்தின் மீதே விழுந்தது. பிறகு, எந்த ராகம் என்று சொல்லாமல் பாடிக்காட்டி, எது மாறியது என்று கேட்கத் தொடங்கினேன். (இதைக் குழந்தைகள் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள், பெற்றோரில் சிலருக்குத்தான் பாடம் நகரவில்லையே என்ற கவலை.) அதன்பின் மலஹரியை எடுத்தபோது, ஆரோகணத்தில் விடுபட்டவை எவை என்பதை அவர்களே கண்டு சொன்னார்கள்.

சுருதி இன்னும் நிலைக்காத குழந்தைக்கு மட்டும் இம்முறையை நான் கையாள்வதில்லை. ஷட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) உறுதிப்படும் வரை அவர்களுக்கு மாயாமாளவகௌளை ஒன்றே போதும்.