பிள்ளைகளோடு தனுஷ்கோடி போகிறீர்களா?

ராமேஸ்வரத்திலிருந்து காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்த மணலில் பிள்ளைகள் கால் வைக்க மாட்டார்கள், நிழலுக்கு ஒரு மரமும் கிடையாது. தண்ணீர், தொப்பி, சின்னதுகளுக்கு மாற்றுத்துணி, அவ்வளவு போதும்.

பெரும்பாலானோர் நேராக, நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போய் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் முதலில் பழைய ஊரில் இறங்குங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயச் சுவரை ஒட்டி நின்று பார்த்தால், கல்லுக்குள் பூப்பூவாகப் பவளப்பாறைக் கோலம் தெரியும், எங்கள் வீட்டுச் சின்னவன் அதை மூளை என்றான். தொட்டுப் பார்க்கட்டும், ஏற விடாதீர்கள், பெயர்த்தெடுக்கவும் கூடாது. பக்கத்திலேயே ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கிறது.

அப்புறம் அரிச்சல்முனை. ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் இரையும் ஆண்கடல். எந்தப் பக்கமானாலும் குளிக்க இறங்காதீர்கள், இழுப்பு வெளியே தெரியாது. திரும்பும் வழியில் கோதண்டராமர் கோவில் பக்கம், குளிர்காலமென்றால், பூநாரைகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். சாயங்காலம் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், இருட்டுவதற்குள் எல்லாரையும் கிளப்பிவிடுவார்கள்.