ஒரு மாணவரைப் பற்றிக் கவலையாக இருந்தால் யாரிடம், எப்படிச் சொல்வது?

மதுரைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில், துறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பாடம் நடத்துபவள் இல்லை. ஆனால் டி.சி. கேட்பவர்கள், ஸ்காலர்ஷிப் பணம் வரவில்லை என்று நிற்பவர்கள், வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்ப் பயந்து வருபவர்கள் எல்லாரும் என் மேசைக்குத்தான் வருகிறார்கள். ஒரு பிள்ளை ஒடுங்கிப் போவது பல நேரம் ஆசிரியருக்கு முன்பே எங்களைப் போன்றவர்கள் கண்ணில் படுகிறது. லேப் அசிஸ்டென்ட், மெஸ் அண்ணன், ஹாஸ்டல் வாட்ச்மேன், நூலகத்தில் இருப்பவர் என்று எத்தனையோ பேர் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, 'ஹெச்.ஓ.டி. கவனிப்பார், நமக்கெதுக்கு' என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் வகுப்புக்கு வராததை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பழக்கம் மாறுவதைப் பாருங்கள். கலகலவென்று பேசும் பையன் கண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான். ஹாஸ்டல் பெண் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போகும்போது அவள் மட்டும் போகவில்லை. செமஸ்டர் ரிசல்ட் வரும் வாரமும், ஃபீஸ் கட்டக் கடைசி நாளும் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய நாட்கள். தனக்குப் பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, 'இனிமே நான் தொந்தரவு பண்ண மாட்டேன்க்கா' என்பது போன்ற பேச்சு ஆகியவற்றை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள்.

சரி, கண்ணில் பட்டுவிட்டது. முதலில் அந்தப் பிள்ளையிடமே பேசுங்கள். கவுன்டரில் பத்துப் பேர் நிற்கும்போது வேண்டாம். 'அந்த ஃபார்மை முடிச்சிடலாம், மூணு மணிக்கு வாப்பா' என்று கூப்பிட்டு, கதவைத் திறந்தே வைத்து, உட்கார வையுங்கள். 'ரெண்டு வாரமா நீ சரியா சாப்பிடலன்னு தோணுது, என்னப்பா ஆச்சு?' என்று கேட்டாலே போதும். பதில் வரும்வரை காத்திருங்கள். அறிவுரையை ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சாவைப் பற்றிச் சாடையாக ஏதாவது சொன்னால், 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு, யாராவது கேட்டார்களே என்று நெஞ்சு லேசாகும்.

'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 'உனக்கு உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்றேன். அது யாருன்னு உன்கிட்டயும் சொல்லிடறேன்' என்பதே நேர்மை.

அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். 'மனநிலை சரியில்லாத பையன்', 'லவ் ஃபெயிலியர் போல' என்றெல்லாம் எழுதினால் அது அந்தப் பையனின் பெயரோடு மூன்று வருடமும் ஒட்டிக்கொள்ளும். 'செவ்வாய் காலை 11 மணி. டி.சி. கேட்டு வந்தார். காரணம் கேட்டதற்கு "படிச்சு என்ன ஆகப் போகுது" என்றார். கை நடுங்கியது. மதியம் மென்டரிடம் சொன்னேன்.' இவ்வளவு போதும். (மென்டர் என்பவர் அந்த மாணவரைக் கவனித்துக்கொள்ள ஒதுக்கப்பட்ட ஆசிரியர்.) இதைத் துறை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது பேசவும் கூடாது. ஒரு முறை ஊர்ப் பேச்சாகிவிட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் யாரிடமும் வாய் திறக்காது.

யாரிடம் சொல்வது? முதலில் மென்டர் அல்லது கல்லூரி ஆலோசகர். நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. ஆசிரியரல்லாத பணியாளர்கள் உட்பட எல்லாருக்கும் வருடத்துக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் அந்த ஆலோசகர் யார், எந்த அறையில் இருப்பார் என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரச்சினையே மென்டர்தான் என்றால் அவரைத் தாண்டி முதல்வரிடம் போகலாம்.

ராகிங் என்றால் ராகிங் தடுப்புக் குழுவிடம் சொல்லுங்கள். 1800-180-5522 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. பாலியல் தொல்லை என்றால் உள் புகார் குழு. முதலாமாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. கல்லூரிக்குள்ளேயே பேசி முடிக்க நமக்கு உரிமை இல்லை.

வீட்டுக்குப் போன் போடுவதில் அவசரம் வேண்டாம். நம் ஊரில் இது பெரிய விஷயம். 'உங்க பொண்ணு அழுதுட்டே இருக்கா' என்று ஒரு வார்த்தை போனால், அடுத்த வாரம் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடக்கூடும். வீட்டில் அடி உதை இருக்கிறதா, பிள்ளையின் பயமே வீடுதானா என்று நமக்குத் தெரியாது. யாரிடம் பேசலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். அம்மாவைவிட ஒரு சித்தியோ மாமாவோ சரியாக இருக்கலாம். வீட்டில் சொல்லும் முடிவை ஆலோசகரோடு சேர்ந்து எடுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் இந்த வரிசை எதுவும் கிடையாது. தனியாக விடாதீர்கள், கழிப்பறைக்குப் போனால்கூட வாசலில் ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும், வார்டனும் முதல்வரும் அப்போதே வர வேண்டும், வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும். 'கேஸ் ஆகிடும்' என்று மறைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. கல்லூரி பெயர் கெட்டுவிடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை என்று ஆலோசகர் இல்லாத நேரங்களில் 14416 என்ற அரசு மனநல உதவி எண் (டெலி மானஸ்) இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாணவர் மட்டுமல்ல, என்ன செய்வது என்று தெரியாத வார்டனும் கூப்பிடலாம். அந்த எண்ணை ஹாஸ்டல் மாடிப்படி அருகிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

சொல்லிவிட்ட பிறகு, இரண்டு நாள் கழித்து ஆலோசகரிடம், 'அந்தப் பிள்ளை வந்தாளா?' என்று கேளுங்கள். என்ன பேசினாள் என்று கேட்கக் கூடாது, அது அவளுக்குரியது. வரவில்லை என்றால் திரும்பச் சொல்லுங்கள், இந்த முறை எழுத்தில், தேதி போட்டு. அவள் திரும்ப வகுப்புக்கு வந்ததும் நம் வேலை தனியாக இருக்கிறது: விடுபட்ட இன்டர்னல் தேர்வுக்கு இன்னொரு தேதி, மருத்துவச் சான்றிதழை வைத்து வருகைப் பதிவுச் சலுகைக்கு மனு, ஃபீஸுக்குத் தவணை. இந்தக் காகிதங்களை அவள் நான்கு அறைகளுக்கு அலையாதபடி நாமே ஆசிரியரிடமும் முதல்வர் அலுவலகத்திலும் கையெழுத்து வாங்கி வைத்துவிடலாம்.