நாயா, பூனையா: வீட்டுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்வது எப்படி?

நாய் வளர்ப்பது நல்லதா, பூனை வளர்ப்பது நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "நேற்று எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள்?" என்பதைத்தான். எந்தப் பிராணி அழகு, எது அறிவு மிக்கது, எது நன்றியுள்ளது என்பவையெல்லாம் சுவையான வாதங்கள். ஆனால் ஒரு பிராணி பத்துப் பதினைந்து ஆண்டுகள் உங்களோடு நலமாக வாழுமா என்பதை அவை தீர்மானிப்பதில்லை. நாயைக் கொண்டுவருபவர் தம் நேரத்தைக் கொடுக்க வேண்டும். பூனையைக் கொண்டுவருபவர் தம் வீட்டைக் கொடுக்க வேண்டும். இவ்விரண்டில் எதை உங்களால் தாராளமாகக் கொடுக்க முடியும் என்று கண்டறிவதற்கான வழியையே இங்கே எழுதுகிறேன்.

இந்த வேறுபாட்டின் வேர் மிகப் பழையது. ஓநாயிலிருந்து வந்த நாய், வேளாண்மை தோன்றுவதற்கு முன்பே, வேட்டையாடி அலைந்த மனிதரோடு சேர்ந்து அலைந்தது. ஜெர்மனியின் பான் நகரை அடுத்த ஓபர்காசலில் 1914ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, ஏறக்குறைய 14,000 ஆண்டுகள் பழைமையான கல்லறையில் மனிதர்களோடு ஓர் இளம் நாயும் புதைக்கப்பட்டிருந்தது. பூனையோ மனிதர் ஓரிடத்தில் தங்கித் தானியம் சேமிக்கத் தொடங்கிய பிறகு, எலியைத் தேடித் தானாகவே வந்து சேர்ந்தது. சைப்ரஸ் தீவில் மனிதருக்கு அருகே ஒரு பூனை புதைக்கப்பட்டிருந்த, சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய குழி பற்றிய செய்தி 2004இல் வெளியானது. நாய் ஆளைப் பின்தொடர்ந்து வந்தது, பூனை களஞ்சியத்தைத் தேடி வந்தது என்று சொல்லலாம். வீடு மாறும்போது இதை நேரிலேயே காணலாம்: நீங்கள் இருக்கும் இடமே நாய்க்கு வீடு, ஆகையால் அன்று மாலையே அது வாலை ஆட்டிக்கொண்டு புது வீட்டைச் சுற்றிவரும், பூனையோ கட்டிலுக்கு அடியில் புகுந்து, பழைய வீட்டின் மணம் இல்லாத அந்த உலகத்தைப் பல நாட்கள் நம்பாமல் கிடக்கும்.

முடிவெடுப்பதற்கு முன் பத்து நாள் ஒத்திகை ஒன்றைச் செய்து பாருங்கள். வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, கையில் நாயின் வார் இருப்பதாக எண்ணிக்கொண்டு அரை மணி நேரம் வெளியே நடங்கள். மாலையிலும் அவ்வாறே நடங்கள். மழை, தலைவலி, விருந்தாளி என்று எந்தக் காரணத்துக்கும் விலக்குக் கிடையாது. பெரும்பாலான வளர்ந்த நாய்களுக்கு இது குறைந்தபட்ச நடைதான்; மந்தை மேய்க்கவும் வண்டி இழுக்கவும் உருவாக்கப்பட்ட பார்டர் கோலி, ஹஸ்கி போன்ற இனங்களுக்கு இரண்டு மணி நேரம்கூடத் தேவைப்படும். குட்டியையே கொண்டுவர எண்ணினால் ஒத்திகை இன்னும் கடுமையானது: இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை ஏறத்தாழ மூன்று மணி நேரமே அடக்க முடியும் என்பதால், அலாரம் வைத்து இரவில் ஒரு முறையோ இரு முறையோ எழுந்து வாசல் வரை போய் வர வேண்டும்.

நான் இந்த ஒத்திகையைச் செய்த ஆண்டில் ஆறாம் நாள் காலை மழை பெய்தது. குடையை எடுத்தேன், கதவைத் திறந்து ஒரு நிமிடம் நின்றேன், குடையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கைக்குப் போய்விட்டேன். அவ்வாண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது பூனை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, வீட்டிலிருந்தே வேலை செய்யும் நிலை வந்தபோதுதான் நாய் வந்தது, அப்போது மழை எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஒத்திகையில் தோற்பது இழுக்கு என்று எவரும் நினைக்க வேண்டாம். தோற்க வேண்டிய இடம் அதுவே. நாய் வந்த பிறகு தோற்றால் அதன் விலையை நாய் கொடுக்கும்: நாள் முழுதும் தனியே அடைபட்ட நாய் கதவைப் பிறாண்டும், ஓயாமல் குரைக்கும், செருப்பையும் மெத்தையையும் கிழிக்கும், அதைக் குறும்பு என்று எண்ணி நாம் அடிப்போம். அது பெரும்பாலும் பிரிவைத் தாங்க முடியாத பதற்றமே தவிரக் குறும்பாக இருப்பதில்லை.

பூனைக்கான ஒத்திகை உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதில் இருக்கிறது. மாடி வீடானால் ஒவ்வொரு சன்னலிலும் பால்கனியிலும் உறுதியான வலை அடிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றிப் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையால் தாடையும் காலும் முறிந்த பூனைகள் ஏராளம். அடுத்து, லிட்டர் பாக்ஸ் எனப்படும் மணல் தட்டுக்கு ஆள் நடமாட்டம் குறைந்த, உணவுக் கிண்ணத்துக்குத் தொலைவான ஒரு மூலை வேண்டும். தட்டு பூனையின் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு பூனைகள் என்றால் மூன்று தட்டுகள் என்பது கணக்கு. வாசனை சேர்த்த மணலை நாம் விரும்புகிறோம், பூனை விரும்புவதில்லை. பூனை உயரத்தில் அமர ஓர் அலமாரித் தட்டும், பின்னங்காலில் நின்று முழு உடலையும் நீட்டி நகம் தீட்டும் அளவுக்கு உயரமான, அசையாத ஒரு தூணும் தேவை. அந்தத் தூணை நீங்கள் தராவிட்டால் அது சோபாவைத் தூணாக்கிக்கொள்ளும். நகத்தை அறுவை செய்து நீக்கிவிடலாமே என்று கேட்பவர்கள், அந்த அறுவையில் வெட்டப்படுவது நகம் மட்டுமன்று, விரலின் கடைசி எலும்பும்தான் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல நாடுகளில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது.

பூனைக்கு நேரமே தர வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பூனை நாளில் பாதிக்கு மேல் உறங்கும் என்றாலும், விடியலிலும் அந்தியிலும் அதன் வேட்டைக் குணம் விழித்துக்கொள்ளும். மாலையில் பதினைந்து நிமிடம் கயிற்றில் கட்டிய இறகைத் துரத்தவிட்டு, அதன்பின் உணவு வைத்தால், விடியற்காலை நான்கு மணிக்கு அது உங்கள் கால்விரலை வேட்டையாடுவது பெருமளவு குறையும்.

நாய்க்கு வீட்டின் பரப்பைவிட நடைதான் முக்கியம். அமைதியான பெரிய நாய் சிறிய வீட்டில் நிம்மதியாக இருக்கும், துடிப்பான சிறிய நாய் பெரிய தோட்டத்திலும் சலித்துப்போகும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை அவற்றின் முகத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். நாய் தன் உடல் வெப்பத்தை முதன்மையாக மூச்சிரைப்பின் மூலமே தணிக்கிறது, குறுகிய மூச்சுப்பாதை உள்ள அவற்றுக்கு அதுவே திணறல். வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் முடி உதிராத இனம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். பூனையால் வரும் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள ஒரு புரதம், முடி அதைச் சுமந்து பரப்பும் ஊர்தி மட்டுமே. வாங்குவதற்கு முன் அந்தப் பிராணி இருக்கும் வீட்டுக்குச் சில முறை போய், ஒவ்வொரு முறையும் ஓரிரு மணி நேரம் இருந்து பாருங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையை வெளியேற்ற வேண்டும் என்பதும் மிகையான அச்சமே. பூனையின் மலத்தில் வெளியேறும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளிலிருந்து ஐந்து நாட்கள் வரை ஆகும்; வேறொருவர் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். சிறு குழந்தையை எவ்வளவு சாதுவான நாயோடும் தனியே விடாதீர்கள். குழந்தை உறங்கும் நாயின் காதைப் பிடித்து இழுக்கும்போது, நாய் முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கி, உடலை விறைத்துப் பல எச்சரிக்கைகளைத் தந்துவிட்டுத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால்தான் அவற்றைப் படிக்க முடியும்.

வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிது, ஆனால் தடுப்பூசியால் அதை முழுமையாகத் தடுக்கலாம். நாய்க்கும் பூனைக்கும் தவறாமல் அந்த ஊசி போட வேண்டும். வெளிப்பிராணி எதுவும் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

உணவில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. நாய் பலவகை உணவையும் செரிக்கும். பூனை இறைச்சி இல்லாமல் வாழ முடியாத பிராணி. டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரிப்பதில்லை. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். ஆகவே நாயின் உணவையே பூனைக்கும் போட்டு வளர்ப்பது மெல்லக் கொல்வதற்குச் சமம். நீங்கள் உறுதியான சைவராக இருந்து, வீட்டில் இறைச்சியைத் தொட மாட்டீர்கள் என்றால், பூனை உங்களுக்கு உரியதன்று என்று தயங்காமல் சொல்வேன். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகியவற்றை இரண்டிடமிருந்தும் மறைத்து வையுங்கள். வீட்டு மருந்துப் பெட்டியையும் அவ்வாறே: காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்குக் கொடுக்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை அதன் உயிரைப் பறிக்கலாம். நாயின் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தும் பூனைக்கு நஞ்சு. லில்லி மலரின் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

நோயைக் காட்டும் விதத்திலும் இரண்டும் வேறு. நாய் நொண்டும், முனகும், உங்கள் மடியில் வந்து தலை வைக்கும். பூனை வலியை ஒளிக்கும். ஒரு மாலை எங்கள் ஆண் பூனை மணல் தட்டில் ஏறிக் குந்தியது, இறங்கியது, பத்து நிமிடத்தில் மறுபடி ஏறியது. மலச்சிக்கல் என்று நினைத்து நான் வேலையைத் தொடர்ந்தேன். நான்காம் முறை தட்டில் ஏறியபோது அது தாழ்ந்த குரலில், இதுவரை நான் கேட்டிராத ஒலி ஒன்றை எழுப்பியது. மணலைக் கிளறிப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. இரவோடு இரவாகக் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தது. ஆண் பூனைகளுக்கு இது ஓரிரு நாளில் உயிரைப் போக்கும் அவசர நிலை. பூனை வளர்ப்பவர் நாள்தோறும் தட்டைப் பார்ப்பது சுத்தத்துக்காக மட்டும் அன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இனி, அன்பைப் பற்றி. பூனைக்கு அன்பில்லை என்ற பழிக்கு நான் உடன்படுவதில்லை. வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அரிது. அந்தக் குரலைப் பெரும்பாலும் மனிதருக்காகவே வைத்திருக்கின்றன. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நாம் கேலி பேசுகிறோம், ஆனால் உங்களைப் பார்த்து அது மெல்லக் கண்ணை மூடித் திறந்தால் உங்களிடம் அச்சமில்லை என்று பொருள். நீங்களும் அவ்வாறே செய்து பாருங்கள். இருந்தாலும், கதவைத் திறந்ததும் ஓடிவந்து உடலெல்லாம் குலுங்க வரவேற்கும் ஓர் உயிர் வேண்டும் என்பதே உங்கள் ஏக்கமானால், பூனையிடம் அதை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். ஒத்திகையைச் செய்துமுடித்து நாயையே கொண்டுவாருங்கள். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்குப் பூனை ஓரளவு ஒத்துப்போகும். அதை அதன் வீட்டிலேயே விட்டு, நம்பிக்கையான ஒருவர் நாள்தோறும் வந்து பார்த்தால் போதும்.

எதுவென்று முடிவானதும் எந்தக் குட்டி என்பதில் அவசரம் காட்டாதீர்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரித்த குட்டி வேண்டாம். பூனைக்குட்டி பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருந்தால் இன்னும் நல்லது. நாய்க்குட்டி மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரையிலும், பூனைக்குட்டி இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையிலும் பழகும் மனிதரையும் ஒலிகளையும்தான் பிற்காலத்தில் அஞ்சாமல் ஏற்கும் என்பதால், அந்த வாரங்களை அது எங்கே கழித்தது என்று கேளுங்கள். இரவில் எழ முடியாதவர்களுக்குக் காப்பகத்திலுள்ள வளர்ந்த பிராணியே என் பரிந்துரை. அதன் குணம் ஏற்கெனவே கண்முன் தெரியும். கருத்தடை அறுவையை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், பூனை நான்கு மாதத்திலேயே சினையாகக்கூடும்.

வந்த முதல் இரவு, நாய்க்குட்டியின் படுக்கையை உங்கள் கட்டிலை ஒட்டியே போடுங்கள். அது அழுதால் கையைத் தொங்கவிடுங்கள், மணம் அறிந்து அடங்கும். பூனைக்கு இதற்கு நேர்மாறாக ஒரே ஓர் அறையை ஒதுக்கி, தட்டையும் நீரையும் உணவையும் வைத்து, கொண்டுவந்த பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு, அதைப் பார்க்காமல் தரையில் அமர்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அன்றிரவோ மூன்றாம் நாளோ அது தானாக வெளியே வந்து உங்கள் முழங்காலை முகரும்; அப்போதும் தலையைத் தடவப் போகாமல், ஒரு விரலை அதன் மூக்கின் உயரத்தில் நீட்டி அசையாமல் வைத்திருங்கள்.