ஹெட்போன் ஆம்ப்: பேட்டரியில் கோட்டை விடும் இடங்கள்

மும்பை லாமிங்டன் ரோடு பார்ட்ஸ் கடையில் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "சலேகா." ஓடும் என்று அர்த்தம். போன சனிக்கிழமை கல்லூரிப் பையன் ஒருவன் சிமோய் என்கிற, ஹெட்போன் சத்தத்தைப் பெருக்கும் சின்ன ஆம்ப் சர்க்யூட்டை போனில் காட்டி, இந்த 9 வோல்ட் ரீசார்ஜபிள் சரிப்படுமா என்று கேட்டான். "சலேகா." பையன் வாங்கிக்கொண்டு போனான். ஓடத்தான் செய்யும். எத்தனை நாள், போகிற போக்கில் எதை எரித்துவிட்டு என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அதே கவுண்டரில் அதே பதிலை நம்பி மாதுங்காவுக்கு ரயில் ஏறியவன்தான் நானும்.

பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு ஐ.சி. புகைந்தால் அது தானாகப் பழகிவிடும்.

9 வோல்ட் என்ற எழுத்தை நம்புவது

ரீசார்ஜபிள் 9 வோல்ட் பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள். ஒன்று 1.2 வோல்ட். ஏழு செல் இருந்தால் 8.4, ஆறுதான் இருந்தால் 7.2. ஓ.பி.ஏ.2134 மாதிரி ஆப் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) மொத்தம் 5 வோல்ட்டிலேயே ஓடும் என்பதால் அதற்குக் கவலையில்லை. எல்லா ஐ.சி.யும் அப்படி இல்லை. டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச வோல்ட்டேஜைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கொள்ளளவு 200 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் இருக்கும். அந்த ஐ.சி.யின் இரண்டு சேனலும் சும்மா இருக்கும்போதே சுமார் 8 மில்லி ஆம்பியர் எடுக்கும். அழகுக்காக வைத்த எல்.இ.டி.க்கு 1 கிலோ ஓம் போட்டிருந்தால் அது தனியாக 6 தின்னும். அதாவது விளக்குக்கும் பாட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. 10 கிலோ ஓம் போடுங்கள். வெளிச்சம் குறையும், ஆனால் ஆம்ப் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

கடைசிச் சொட்டு வரை ஓட்டுவது

ஏழு செல்லும் ஒரே நேரத்தில் தீராது. நோஞ்சான் ஒன்று முதலில் காலியாகும். மற்ற ஆறும் அதன் வழியாகக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருந்தால் அதன் துருவம் தலைகீழாகிவிடும். ஸ்விட்சை அணைக்க மறந்து தூங்கிய ஒரே ராத்திரியில் இது நடக்கும். ஏழு செல் பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

மைனஸும் கிரவுண்டும் ஒன்று என்று நினைப்பது

இதைத்தான் விலாவாரியாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் யாராவது செய்வதைப் பார்த்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. ஏனென்றால் நானே இதை இரண்டு முறை செய்திருக்கிறேன்.

9 வோல்ட் அலுத்துப்போனதும் எல்லோரும் 18650 லித்தியம் செல்லுக்குத்தான் வருவார்கள். இரண்டு செல்லைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைக் கிரவுண்டாக, அதாவது பூஜ்ய வோல்ட்டாக, எடுத்தால், மேலே பிளஸ் 3.7, கீழே மைனஸ் 3.7. ஒரே பேட்டரியை ரெசிஸ்டர் வைத்துப் பாதியாகப் பிரிக்கிற வேலை மிச்சம். சத்தமும் சுத்தமாக இருக்கும். ஆனால் இந்த அமைப்பில் ஹெட்போன் ஜாக்கின் கிரவுண்ட் செல்களின் நடுவில் நிற்கிறது. பேட்டரியின் மைனஸ் அதற்கு ஒரு செல் கீழே இருக்கிறது. இரண்டும் எங்கே தொட்டுக்கொண்டாலும் கீழ்செல் நேரடி ஷார்ட்.

முதல் தடவை: டி.பி.4056 சார்ஜிங் போர்டு ஒரு செல்லுக்கானது. செல் இரண்டு என்றால் போர்டும் இரண்டு என்று கணக்குப் போட்டு, இரண்டின் 5 வோல்ட் இன்புட்டையும் ஒரே யு.எஸ்.பி. சாக்கெட்டில் சேர்த்தேன். சேர்த்ததும் இரண்டு போர்டின் மைனஸும் ஒன்றாகிவிட்டன. மேல் போர்டின் மைனஸ் இருப்பதோ செல்களின் நடுவில். நான் வாங்கியவை பாதுகாப்பு ஐ.சி. இல்லாத மலிவுப் போர்டுகள். கடைசி ஒயரைச் சால்டர் பண்ணிய கணம், சார்ஜரைச் செருகக்கூட இல்லை, கறுப்பு ஒயரின் தோல் உருகி மேஜையில் ஒட்டியது. ஒயரே அறுந்து என்னைக் காப்பாற்றியது. செல்லை அடுப்படி இடுக்கியில் எடுத்து பால்கனி ஓடு மேல் வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க எட்டி எட்டிப் பார்த்தேன்.

இரண்டாவது தடவை நான் விஷயம் தெரிந்தவன். இரண்டு செல்லுக்கே உரிய சார்ஜிங் போர்டு வாங்கிச் சரியாகத்தான் இணைத்தேன். லேப்டாப் யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சும்மா இருப்பானேன் என்று அதே லேப்டாப்பிலிருந்து ஆக்ஸ் கேபிளை ஆம்பில் செருகினேன். யு.எஸ்.பி. வழியாக வந்த கிரவுண்ட் பேட்டரி மைனஸில். ஆக்ஸ் வழியாக வந்த அதே கிரவுண்ட் செல்களின் நடுவில். கீழ்செல்லின் மொத்தக் கரண்டும் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக் காலி. ரிப்பேர்க்காரர் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, "என்ன சார் குத்துனீங்க இதுல?" என்று கேட்டார்.

கேபிளே இல்லாமலும் இது நடக்கும். தாராவியிலிருந்து ஒரு தம்பி தகர ஜாமெட்ரி பாக்ஸில் அழகாக ஆம்ப் கட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, மூடியைப் போட்டா சுடுது, கழட்டினா சரியாயிடுது." திறந்து பார்த்தேன். ஜாக்கின் உடம்பு வழியாகத் தகரம் முழுக்கக் கிரவுண்ட். மூடியை அழுத்தினால் அது யு.எஸ்.பி. சாக்கெட்டின் உலோகக் கூட்டில் உரசுகிறது. அந்தக் கூடு பேட்டரி மைனஸ். பட்டும் படாமலும் தொட்டதால்தான் சூட்டோடு போயிற்று. அழுந்தப் பிடித்திருந்தால் அவன் பையே பற்றியிருக்கும். நான் கத்தியதற்கு, "கடையில சலேகான்னாங்கண்ணே" என்றான்.

பெட்டியை மூடும் முன் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முள்ளை யு.எஸ்.பி. கூட்டில், மற்றதை ஹெட்போன் ஜாக்கின் வெளி வளையத்தில் தொடுங்கள். 4 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் அந்த இரண்டும் ஜென்மத்துக்கும் தொடக்கூடாது என்று அர்த்தம். ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்க்காதீர்கள். நான் இப்போது ஹோல்டரில்தான் செல் போடுகிறேன். சார்ஜ் ஏற்ற வெளியே எடுத்து, செல்லுக்கு ஒரு குழி உள்ள சார்ஜரில் வைத்துவிடுவேன். பெட்டியில் யு.எஸ்.பி. ஓட்டையே கிடையாது. பார்க்க லட்சணமாக இல்லை என்கிறார்கள். இருக்கட்டும்.

9900 என்று அச்சிட்ட செல்

நல்ல 18650 செல் 3,500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டி நிற்கும், எடை 45 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 30 கிராம் காட்டுகிற செல்லில் 9900 எங்கே உட்கார்ந்திருக்கும்?

செல் மேல் நேராகச் சால்டர் வைப்பது

வேண்டாம். ஹோல்டர், இல்லாவிட்டால் டேக் (சால்டர் பண்ண ஒட்டிய சின்னத் தகடு) வைத்த செல்.

யு.எஸ்.பி. ஓட்டையுள்ள 9 வோல்ட் பேட்டரி

உள்ளே ஒரு லித்தியம் செல்லை வைத்து பூஸ்ட் கன்வெர்ட்டரால் 9 ஆக்குகிற வகை உண்டு. டார்ச்சுக்கும் மல்டிமீட்டருக்கும் அது சரி. நுணுக்கமான இயர்போன் மாட்டினால் பாட்டுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' கேட்கும். லோக்கல் ரயிலில் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் தெரியும்.

பவர் பேங்க்

உங்கள் ஆம்ப் எடுக்கிற 15 மில்லி ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எதுவும் செருகவில்லை என்று நினைத்து, பெரும்பாலான பவர் பேங்க் முதல் பாட்டு முடிவதற்குள் தன்னை அணைத்துக்கொள்ளும்.