கால் எலும்பு முறிவு: ராடா, மாவுக்கட்டா? என் அனுபவம்
தண்டையார்பேட்டைல ஷேர் ஆட்டோ இடிச்சு முழங்காலுக்குக் கீழ எலும்பு போச்சு, வீட்ல பெரிசுங்க எல்லாம் புத்தூர் கட்டு போட்டுக்கோனு ஒரே நச்சரிப்பு. டாக்டர் எக்ஸ்ரேவ காட்டி, விலகாம விரிசல் மட்டும்னா மாவுக்கட்டே போதும், உனக்கு விலகி திரும்பியிருக்கு, ராடு வெச்சா சீக்கிரம் கால ஊனலாம்னாரு. மாவுக்கட்டுன்னா தொடைலேர்ந்து பாதம் வரைக்கும், முட்டி வேற இறுகிடும், நம்ம ஊரு வெயில்ல உள்ள அரிக்கும் பாரு, எங்க மாமா ஸ்கேல விட்டு சொறிஞ்சு புண்ணாக்கிக்கிட்டாரு, அத மட்டும் செஞ்சிடாதீங்க. ராடே வெச்சேன். முட்டியாண்ட கீறி எலும்புக்குள்ளயே எறக்கி மேலயும் கீழயும் ஸ்க்ரூ. சீழ் புடிக்கிற பயம் ஆபரேஷன்லதான் ஜாஸ்தி, அதனால தையல் பிரிக்கிற வரைக்கும் தண்ணியே படவிடல. எலும்பு கூடுறதுக்கு எப்படிப் பாத்தாலும் மாசக்கணக்குதான், பீடி சிகரெட் இருந்தா இன்னும் இழுக்கும். இப்ப நல்லா நடக்குறேன், மண்டி போட்டா மட்டும் முட்டி சுருக்குங்குது, ராடு வெச்ச நெறைய பேருக்கு இது உண்டாம்.