தெருவில் விடப்பட்ட ஹஸ்கி: பிடிப்பது முதல் வீடு சேர்ப்பது வரை

சென்னையில் ஹஸ்கி என்ற நீலக்கண் நாய் ஒன்று கேட்பாரற்றுத் திரிகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தால் போதும், "நான் எடுத்துக்கிறேன்" என்று ஆளுக்கு ஆள் முந்துவார்கள். பக்கத்திலேயே கிடக்கும் நாட்டு நாய்க்குட்டியை ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஹஸ்கிக்கு எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது சுலபம். அதில் யாருக்கெல்லாம் "இல்லை" என்று சொல்ல வேண்டும் என்பதுதான் கஷ்டமான வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால், ஆறு மாதத்தில் அதே நாய் வேறொரு தெருவில் நிற்கும்.

முதன்முறையாக ஒரு ஹஸ்கியைக் காப்பாற்ற இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நாயைப் பற்றிக் கொஞ்சம்

சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம் இது. கனமில்லாத சுமையை நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு ஓடுவதற்கென்றே உருவானது. 1925-ல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, நாய் வண்டிகள் மாறி மாறி ஓடி ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஆறு நாளுக்குள் கடந்து மருந்து கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்த ஓட்டத்தில் பேர் வாங்கிய டோகோ, பால்ட்டோ இரண்டும் ஹஸ்கிகள். அந்தக் கால்களை இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் நாளெல்லாம் அடைத்து வைத்தால் சோபா கிழியும், கதவு பிறாண்டப்படும், ஊளைச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். பிறகு ஒருநாள் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் இறக்கிவிடுவார்கள். தெருவில் நாம் பார்க்கும் பல ஹஸ்கிகளின் கதை இதுதான்.

1. பிடிப்பது

துரத்தாதீர்கள். ஓடுவதில் அதை யாரும் ஜெயிக்க முடியாது. மிரண்டு மெயின் ரோட்டுக்குள் பாய்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. சற்றுத் தள்ளி, அதற்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். கண்ணோடு கண் பார்க்க வேண்டாம். ஒரு கிண்ணம் தண்ணீர், கூடவே வேகவைத்த கோழியோ முட்டையோ. பாதி நேரம் அதுவே கிட்டே வந்துவிடும், மனிதக் கையில் வளர்ந்த நாய்தானே.

கழுத்துப்பட்டை மட்டும் போட்டு நம்பிவிடாதீர்கள். ஹஸ்கியின் கழுத்து முடி அடர்த்தி. பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் தானாக இறுகும் ஸ்லிப் லீஷ்தான் சரி. வீட்டுக்கு வந்தபின் நெஞ்சுப்பட்டையும் கழுத்துப்பட்டையும் சேர்த்துப் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள்.

கடியோ பிறாண்டலோ பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள். அங்கே அது இலவசம். "நல்ல ஜாதி நாய்தானே" என்று தள்ளிப்போடக் கூடாது. தெருவில் இருந்த நாட்களில் அதை எது கடித்தது என்று நமக்குத் தெரியாது.

2. உடம்புச் சூட்டை இறக்குவது

மற்ற எதையும்விட இது அவசரம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கின் ஈரம் ஆவியாவதில்தான் சூடு தணியும். கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் அதுவும் சரியாக நடக்காது. அதனால் 34 டிகிரி அடிக்கும் நாளில்கூட ஹஸ்கி சுருண்டு விழலாம்.

நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் ஆபத்து. நிறுத்தாமல் மூச்சிரைப்பு, கயிறு போல ஒழுகும் கெட்டி எச்சில், செக்கச் சிவந்த ஈறு, தள்ளாடும் நடை, வாந்தி ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் காரில் ஏற்றுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றத் தொடங்குங்கள். குழாய்த் தண்ணீர் போதும். மேலாக ஊற்றினால் வெளிமுடியில் வழிந்து ஓடிவிடும், தோல் காய்ந்தே இருக்கும். ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கை விரல்களை முடிக்குள் விட்டுப் பிரித்து, அடியில் பஞ்சு போல இருக்கும் உள்முடி நனைந்து தோலில் ஈரம் தட்டும் வரை தேயுங்கள். வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் ஆகிய இடங்களில் முடி குறைவு, அங்கே நிறைய ஊற்றுங்கள். மேலே மின்விசிறி ஓட வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நினைவு தடுமாறும் நாயின் வாயில் தண்ணீர் புகட்டவே கூடாது. சூடு 39.5-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தலாம். நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். சிறுநீரகக் கோளாறு இரண்டு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

3. மருத்துவர், தனிமை, சாப்பாடு

வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு குறைவு. காத்திருக்கத் தயாராகப் போங்கள். ரத்தப் பரிசோதனை கட்டாயம் கேளுங்கள். இந்த அடர்ந்த முடிக்குள் உண்ணி இருப்பது வெளியே தெரியாது. காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, வாலின் அடிப்பகுதி எல்லாம் நீங்களே பிரித்துப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கும். சாப்பிட மறுத்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். இந்த இனத்தில் கண்புரை பரம்பரையாக வரும், கண்ணையும் காட்டிவிடுங்கள்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் புதிய நாயை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்கள் இரண்டுமே உயிர்க்கொல்லி. தட்டு, துண்டு, ஏன் உங்கள் செருப்பு வழியாகக்கூடப் பரவும்.

பட்டினி கிடந்த நாய்க்குப் பரிதாபப்பட்டு ஒரே நேரத்தில் தட்டு நிறைய வைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை. கோழி, சாதம், கொஞ்சம் தயிர் போதும். வெங்காயம், எலும்பு போட்ட பிரியாணி மிச்சம், சாக்லேட், திராட்சை கூடாது. காய்ச்சல் என்று நம் வீட்டு பாராசிட்டமாலை எடுத்துக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று: "வெயில் தாங்கலை பாவம்" என்று மொட்டையடிக்க வேண்டாம். மேல்முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது, சிரைத்தால் பழையபடி வளராமலும் போகலாம். தோல்நோய்க்காக மருத்துவரே சொன்னால் மட்டும் வெட்டலாம். மற்றபடி, தினமும் சீப்பால் உள்முடியை வாரி எடுப்பதே நல்ல வழி. கோணிப்பை நிறைய வரும், மலைக்காதீர்கள்.

4. பழைய சொந்தக்காரர்

தொலைந்த நாயா, வேண்டாமென்று கைவிட்ட நாயா என்று முதலில் தெரியவேண்டும். மருத்துவமனையில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் 15 இலக்க எண் வரும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகத் தகவல் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். "கிடைத்தது" என்று பதிவு போடும்போது ஒரு அடையாளத்தை மறைத்து வையுங்கள். வலது கண் மட்டும் பாதி பழுப்பு, பின்னங்காலில் தழும்பு, இப்படி ஏதாவது. "என் நாய்" என்று வருகிறவர் அதைச் சொல்ல வேண்டும், பழைய படங்களும் தடுப்பூசிப் புத்தகமும் காட்ட வேண்டும்.

சொந்தக்காரரே "வச்சுக்க முடியலைங்க, நீங்களே பாத்துக்கோங்க" என்றால் அவரைத் திட்டிப் பயனில்லை. ஒப்படைப்புக் கடிதம், கையெழுத்து, அடையாள அட்டை நகல் மூன்றையும் அங்கேயே வாங்குங்கள். இல்லாவிட்டால் நாய் தேறி அழகானதும் திரும்பக் கேட்டு வருவார். பட்டினியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தத் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

5. கருத்தடை, வீட்டில் கவனிப்பு

கருத்தடை அறுவை சிகிச்சை முடியாமல் ஹஸ்கியைத் தத்துக் கொடுக்காதீர்கள். பெண் நாய் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். தொங்கிப்போன மடிக்காம்பு, கூண்டுக் கம்பியைக் கடித்துத் தேய்ந்த பல், கழுத்தில் பட்டை இறுகி முடி உதிர்ந்த வளையம் எல்லாம் சேர்ந்து வந்தால், குட்டி விற்கிறவர் பயன்படுத்திவிட்டுத் தள்ளிய நாயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கேட்டு வருகிறவர்களிலும் அதே தொழில்காரர்கள் இருப்பார்கள். "ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்பதுதான் ஒருவருடைய முதல் கேள்வி, "ஆயிடுச்சு" என்றதும் போனை வைத்துவிடுகிறார் என்றால், விவகாரம் அங்கேயே முடிந்தது.

உடம்பு தேறும் வரை உங்கள் வீட்டிலோ தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறவர் வீட்டிலோ வைத்து அதன் குணத்தைக் குறித்து வாருங்கள். தனியாக விட்டால் எவ்வளவு நேரத்தில் ஊளையிடத் தொடங்குகிறது, பூனையைக் கண்டால் என்ன செய்கிறது, தட்டில் கை வைத்தால் உறுமுகிறதா, குழந்தை ஓடினால் துரத்துகிறதா என்று பாருங்கள். வந்த சில நாட்கள் எல்லா நாயும் பரம சாதுவாக இருக்கும். உண்மைக் குணம் இரண்டு மூன்று வாரத்தில்தான் வெளிவரும். அதற்குள் "ரொம்ப அமைதி" என்று பதிவு போட்டுவிடாதீர்கள். ஏசி இல்லாத நேரத்தில் குளியலறை டைல்ஸில் வயிற்றை ஒட்டி, நாலு காலையும் பரப்பிப் படுக்கும். அங்கிருந்து கிளப்பாதீர்கள், அது தானே கண்டுபிடித்துக்கொண்ட இடம்.

காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழி. சென்னையின் ப்ளூ கிராஸ் போன்ற இடங்களுக்கு அடிபட்ட, நோயுற்ற விலங்குகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். நடமாடும் ஹஸ்கிக்காக அங்கே ஒரு கூண்டை அடைப்பது நியாயமில்லை.

6. வீட்டைத் தேர்ந்தெடுப்பது

பதிவில் "இலவசம்" என்ற சொல் வேண்டாம், உங்கள் முகவரியும் வேண்டாம். கண்ணை மட்டும் காட்டும் படத்தோடு, முடி கொட்டிக் கிடக்கும் தரையையும் போடுங்கள். கேட்டு வருகிறவர்களிடம் போனில் நிதானமாகப் பேசுங்கள். நான் கேட்பவை இவை:

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? நாய் எந்த அறையில் இருக்கும்? ஏப்ரல், மே மதியத்தில் ஏசி ஓடுமா, கரன்ட் போனால் என்ன ஏற்பாடு? வாடகை வீடென்றால் உரிமையாளர் எழுத்தில் சம்மதிப்பாரா? காலை ஆறு மணிக்கு முன்னும் இரவிலும் நடத்திக் கூட்டிப்போகப் போவது யார், பெயர் என்ன? கோழி, ஆடு, பூனை உண்டா? வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா?

"மாடியில கட்டிப் போட்டுடுவோம்" என்றால் இல்லை. "பையன் பொறந்தநாளுக்கு" என்றால் இல்லை. "தோட்டத்துக்குக் காவலுக்கு" என்றாலும் இல்லை. திருடனையும் முகம் நக்கி வரவேற்கிற இனம் இது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஆசை, மற்றவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், மறுபடி ஒருநாள் போய்ப் பேசுங்கள். அந்த மௌனம்தான் பின்னால் நாயை வெளியே அனுப்பும்.

நேரில் போகாமல் முடிவெடுக்காதீர்கள். கேட்டின் கம்பி இடைவெளியில் உங்கள் தலை உயரத்திலும் பாருங்கள், தரைமட்டத்திலும் குனிந்து பாருங்கள். அடியில் மண் என்றால் தோண்டிவிடும். சுற்றுச்சுவர் ஓரமாக நிற்கும் தண்ணீர்த் தொட்டி அதற்குப் படிக்கட்டு. ஆறடிக்குக் குறைந்த சுவரை நம்பாதீர்கள்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வீடுகள் குளிருக்கு அருமை. ஆனால் நீலகிரியில் வீட்டு வாசல் வரை வந்து நாயைத் தூக்கிப் போகும் சிறுத்தைகள் உண்டு. இரவில் வீட்டுக்குள் படுக்க வைப்பார்களா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். பயணத்துக்கு இரவில் ஏசி காரே நல்லது. ரயிலில் முதல் வகுப்பு ஏசி கூப்பே (இருவர் படுக்கும் தனி அறை) முழுவதையும் பதிவு செய்து கூடவே கொண்டுபோகலாம். கோடையில் கார்டு பெட்டியின் நாய்க்கூண்டில் ஏற்றவே வேண்டாம்.

7. கொடுத்த பிறகு

எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், வெளியே கயிறில்லாமல் விடக் கூடாது. மருத்துவக் கோப்பு முழுவதையும் கொடுத்து, மைக்ரோசிப் பதிவைப் புதியவர் பெயருக்கு மாற்றி, மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பிக்க வையுங்கள். முதல் இரண்டு வாரம் சோதனைக் காலம் என்று பேசிக்கொள்ளுங்கள். முதல் வாரம் தினமும் ஒரு படம், பிறகு மாதம் ஒன்று. கோடை தொடங்கும்போது ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.

திருப்பிக் கொண்டுவந்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் வைத்து அவமானப்படுத்தினால் அடுத்தவர் உங்களிடம் வர மாட்டார், ஈசிஆருக்குப் போய்விடுவார். என்ன ஒத்துவரவில்லை என்பதை மட்டும் நிதானமாகக் கேட்டு நாயின் கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்து போனில் கூப்பிடுகிறவரிடம் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.